முப்பதில் பேரானந்தம்

பாரிஸ் லாச்சப்பலில் ஒருவன் தன் சொந்த ஆனந்தத்துக்காகவே வாகனம் வைத்திருக்கிறான் என்றால் நம்புவாரில்லை. போபூர் சேன் தெனி வீதியில் அரிசி மூட்டையும் முருங்கைக்காய்க் கட்டும் வாங்கிக்கொண்டு நிற்கும் பந்துமித்திரர்களின் அபிப்பிராயத்தில், வாகனம் என்பது அவற்றை வீடு சேர்ப்பதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டது. அப்படியிருக்க, இங்கே நகைக்கடை வைத்திருக்கும் என் மைத்துனன், இரண்டே ஆசனங்களும், சாமான் வைக்க முன்னே 100 லிட்டர், பின்னே 96 லிட்டர் இடமும் கொண்ட அல்பீன் ஏ110 என்னும் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது குடும்பத்தில் எழுந்த விசனம் கொஞ்சமல்ல. எனக்கோ பொறாமையைத் தவிர வேறு விசனமில்லை. நான் ஏறுவது சென்னைப் பிறப்பாகிய ரோயல் என்ஃபீல்ட் 350.

அல்பீனின் கோத்திரம் சாமானியமானதன்று. தியெப் துறைமுகப் பட்டினத்தில் ரெனோ கார் விற்றுக்கொண்டிருந்த ழான் ரெதெலே 1955இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, எஞ்சினைப் பெருக்குவதைவிட உடம்பைக் குறைப்பதே உத்தமம் என்று கண்ணாடி இழையில் கூடு செய்து, 1973இல் முதன்முதலாக நடந்த உலக ராலி சாம்பியன் பட்டத்தையே தட்டிக்கொண்டு போயிற்று. 2017இல் மறுபிறவி எடுத்த வண்டிக்கு அலுமினியத் தேகம். எடை சுமார் 1,100 கிலோ, குதிரைசக்தி 252. என்னுடையது 195 கிலோ, இருபது குதிரை.

"ஒரு குதிரைக்கு எனக்கு நாலரைக் கிலோவும் இல்லை, உங்களுக்குப் பத்துக் கிலோ. கணக்கிலேயே தோத்துப்போனீங்கள், அத்தான்" என்றான். நகைக்கடைக்காரனோடு நிறுவையில் வாதாடலாமா?

ஆனால் ஓட்டுபவனை அவன் தராசில் வைக்கவில்லை. எண்பது கிலோ சரீரத்தோடு நான் ஏறி அமர்ந்தால் மொத்தச் சுமையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நானே. ஆகையால் இரவில் நாலு இடியப்பத்தைக் குறைத்தால் என் வண்டிக்கு வேகம் கூடும், அவன் காருக்குத் தெரியவே தெரியாது. இடப்புறம் சாய்ந்து திரும்ப இடக் கைப்பிடியை முன்னே தள்ளவேண்டும் என்ற விபரீத சாஸ்திரத்தைப் புத்தி நம்ப மறுத்தாலும் உடம்பு பழகிக்கொண்டு, இடுப்பும் முழங்காலுமாக வண்டியோடு சரியும்போது, மணிக்கு 50 கிலோமீட்டரிலேயே தேவலோகம் தெரிகிறது. காரில் அந்தப் பரவசத்துக்கு இரட்டிப்பு வேகம் வேண்டும். அந்த வேகத்தில் தேவலோகத்துக்கு முன்பாக ஜாந்தார்ம் போலீஸார் தெரிவார்கள்.

ஷெவ்ரோஸ் பள்ளத்தாக்கில், தாம்பியேர் அருகே 'பதினேழு வளைவுகள்' என்று பிரசித்தி பெற்ற சாலையில் இருவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்குப் போனோம். வழிவிட்ட காருக்கு மோட்டார் சைக்கிள்காரர் வலக்காலை வெளியே நீட்டி நன்றி தெரிவிப்பது பிரெஞ்சு தேசத்து மரபு. கைகள் வேலையாயிருக்கும்போது மனிதன் வேறு என்ன செய்வான்? நானும் சம்பிரதாயம் வழுவாமல் நீட்டினேன். அத்தான் தன்னை உதைக்கக் காலோங்கினார் என்று அவன் அன்றிரவே என் மனைவியாகிய தன் அக்காவிடம் முறையிட, வளைவுகளைப் பற்றிய விசாரணை நடைபெறவேயில்லை.

பாரிஸ் நகரிலோ 2021 ஆகஸ்ட் 30 முதல் பெரும்பாலான வீதிகளில் முப்பதுதான் எல்லை. ரூ பஜோல் மாணிக்க விநாயகர் தேர் புறப்படும் நாளில் அதுவுமில்லை. 252 குதிரைகளும் ஒரு மூஞ்சூறு போய்முடியும் வரை காத்துக் கிடக்கும். மழை பெய்தால் என் கட்சி நனைந்துபோகும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு: 1.6 டன்னும் அதற்கு மேலும் உள்ள பெட்ரோல், டீசல் கார்களுடன் வெளியூரார் வந்தால், லாச்சப்பலின் பத்தாம் வட்டாரத்துப் பக்கத்தில் வீதியோரம் நிறுத்த 2024 அக்டோபர் முதல் மணிக்கு 18 யூரோ; புறநகர்வாசியாகிய அவன் மெலிந்த கார் அதற்குத் தப்பிவிட்டதாம்.

ஆயினும் பந்துமித்திரர்கள் சும்மா இருப்பார்களா? முன்பெட்டியும் பின்பெட்டியும் மற்றச் சாமான்களால் நிறைந்துபோகவே, இருபது கிலோ அரிசி மூட்டையைப் பக்கத்து ஆசனத்தில் ஏற்றினார்கள்; ஆள் அமர்ந்திருப்பதாக எண்ணிக் கார் ஓயாமல் கூவிற்று; மூட்டைக்கு மைத்துனன் பெல்ட் மாட்டிவிட்டபின்தான் அடங்கிற்று. அதனால் இடமிழந்தவர் என் மாமியார். தலைக்கவசமும், 2016 முதல் பின்னாலிருப்பவருக்கும் கட்டாயமாகிவிட்ட கையுறையும் தரித்து அவர் என் பின்னால் ஏறினார்.

"மாமி, வளைவு வந்தால் என்னோடு சேர்ந்து சாயுங்கோ" என்றேன்.

"நான் ஏன் சாயவேணும்? நீங்கள் நேரா ஓடுங்கோ, தம்பி" என்றார்.