ஐம்பத்து மூன்று மணி நடை

உட்கார்ந்து ஜெபித்தால் தூக்கம். சும்மா நடந்தால் துக்கம். வெகுநாளாக என் நிலை இதுதான். நாற்காலியில் ஜெபமாலையோடு அமர்ந்தால் மூன்றாம் தேவ ரகசியத்துக்குள் தலை தொங்கிவிடும். மொட்டை மாடியில் நடக்கப் போனாலோ ஆபீஸ் மேனேஜரும் கூடவே நடப்பார். அவரிடம் சொல்லாமல் விழுங்கிய பதில்களையெல்லாம் தண்ணீர்த் தொட்டியிடம் சொல்லிவிட்டு, ஏறியபோது இருந்ததைவிட அதிகக் கொதிப்போடு இறங்குவேன்.

ஆகவே இரண்டையும் சேர்த்துவிட்டேன். கால் ஓடிக்கொண்டிருப்பதால் தூக்கம் அண்டுவதில்லை. வாய் முணுமுணுப்பதால் மேனேஜருக்குப் பேச வாய்ப்பில்லை. பராக்கு மட்டும் போகவில்லை. ஆனால் கரண்ட் பில் நினைவுக்கு வந்தாலும், விரல் அடுத்த மணிக்கு நகர்ந்ததும் அது பின்தங்கிவிடுகிறது.

மெதுவாகச் சொல்வதில்தான் சூட்சுமம். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீனில் மங்கள வார்த்தை ஜெபம் சொல்லவைத்துச் சோதித்து, 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். முன்பாதியை ஒருவர், பின்பாதியை மற்றவர் எனச் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்ததாம். இதயத்துக்கும் அது இதமாம். யோக மந்திரத்துக்கும் அதே பலன். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அம்மா முன்பாதியை முடிக்குமுன் சித்தப்பா பின்பாதியில் பாதி தூரம் போயிருப்பார். அதை அளந்திருந்தால் பெர்னார்டிக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

அதனால் மாடியின் ஒரு நீளத்துக்கு ஒரு மங்கள வார்த்தை என்று வைத்துக்கொண்டேன். அவசரப்பட்டால் சுவர் வருமுன்பே ஜெபம் தீர்ந்துவிடும். மிச்ச தூரத்தில் மேனேஜர் ஏறிக்கொள்வார். ஐந்து பத்துகளும் முகப்பில் உள்ள மூன்றும் சேர்ந்து 53 மணி முடிந்தால் நடையும் முடிந்தது. கைக்கடிகாரம் அடி எண்ண வேண்டியதில்லை.

கிழமைக்கு ஏற்ப நடையும் மாறும். திங்களன்று சந்தோஷ ரகசியம்: கருவுற்றிருந்த மாதாவே எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு விரைகிறார், எனக்கு இரண்டு மாடிப் படி என்ன பாரம்? செவ்வாயும் வெள்ளியும் துக்க ரகசியம். நான்காவதில் ஆண்டவர் சிலுவை சுமக்கிறார். என் வலது முழங்காலும் கணக்காக அப்போதுதான் வலிக்கும். எதிர்மாடியில் துணி காயப்போடும் அக்கா, "வீட்ல ஏதும் பிரச்சினையா தம்பி?" என்று கேட்பது அந்த இரண்டு நாளில்தான். 2002-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் ரகசியங்களைச் சேர்த்த புண்ணியத்தில், வியாழனன்று கொஞ்சம் பிரகாசமாகவே திரிகிறேன்.

போன மாதம் டாக்டர் பிரஷர் பார்த்தார். இறங்கியிருந்தது. "பரவாயில்லையே! தினமும் எவ்வளவு நேரம் நடக்கிறீங்க?"

"53 மணி, டாக்டர்."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கழற்றிய பட்டையை மறுபடியும் கையில் சுற்றினார்.