பதினெட்டாம் படி

2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் 18 எம்.எல்.ஏ.க்களின் பதவியைப் பறித்தார். தருமபுரி மாவட்டத்தின் பங்கு இரண்டு: அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. காலியிடத்தை ஆறு மாதத்தில் நிரப்பச் சொல்கிறது சட்டம். வழக்கு நீதிமன்றப் படியேற, 19 மாதம் நாற்காலிகள் காலி. சட்டமன்றம் அதுபாட்டுக்கு நடந்தது. (ஆள் இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்ததாம்?) இடைத்தேர்தல் தேதி? 2019 ஏப்ரல் 18. கருப்பசாமிக்கே படிக்கணக்கு குழம்பியிருக்கும்!

அன்றே மக்களவைக்கும் ஓட்டு; ஆளுக்கு இரண்டு பட்டன். எண்ணியபோது இரு சட்டமன்றத் தொகுதியிலும் அதிமுக. டெல்லிக்கோ, அதிமுக கூட்டணியின் அன்புமணியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, திமுகவின் செந்தில்குமார். யாருக்கும் மனத்தாங்கல் இருக்கக்கூடாதல்லவா! அந்த ஆண்டு கோடையில் 22 இடைத்தேர்தல்களில் அதிமுகவுக்குக் கிடைத்தது 9. அதைப் பிடித்துக்கொண்டு அதிமுக ஆட்சி 2021 மே வரை ஓடியது.