பத்துக்குப் பத்து: பள்ளி மாவட்டப் பொருத்தவியல், ஓர் ஆய்வு

அமெரிக்காவில் ஊர் மாறும் தமிழ்க் குடும்பம் பிள்ளைக்குப் பள்ளி தேடுவதில்லை, பள்ளிக்கு ஜாதகம் பார்க்கிறது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். 'கிரேட்ஸ்கூல்ஸ்' என்ற அமைப்பு பள்ளிகளுக்கு 1 முதல் 10 வரை எண் போடுகிறது. நம் பொருத்தமும் பத்து. இதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்ள ஆய்வாளர் தயாராக இல்லை.

முன்னோர் ஆய்வுகள் இரண்டு. பிடித்த வரியும் வசதியும் உள்ள ஊருக்குக் குடிபோய் மக்கள் காலாலேயே வாக்களிக்கிறார்கள் என்ற கருத்தை 1956-இல் சார்ல்ஸ் டீபூ முன்வைத்தார். வாக்குரிமையே இல்லாத எச்1பி விசாக்காரர் அதை இத்தனை மும்முரமாகச் செய்துகாட்டுவார் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். 1999-இல் சாண்ட்ரா பிளாக், மாசசூசெட்ஸில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கப் பெற்றோர் தயார் என்று கண்டார். (நம்மவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்திருக்கலாம்.)

ஆய்வுக்களம் டாலஸுக்கு வடக்கே. இங்கே நகர எல்லை வேறு, பள்ளி மாவட்ட எல்லை வேறு. பிளேனோ நகரத்தின் ஒரு பகுதி பிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் இருக்கிறது. டாலஸ் நகரின் ஒரு துண்டு பிளேனோ பள்ளி மாவட்டத்தில். பத்துப் பொருத்தத்தில் ஒன்றான ரஜ்ஜு என்றால் கயிறு. அந்தக் கயிறு எந்தப் பக்கம் விழுகிறது என்பதே கேள்வி. ரஜ்ஜு தட்டிவிட்டால் மற்ற ஒன்பதும் இருந்து என்ன?

வீடு பார்க்கப் போன ஒரு தம்பதியோடு ஆய்வாளரும் போனார். "ஏங்க, இந்த மூலையில சாமி ரூம் வெச்சுக்கலாமா?" என்றார் அம்மா. "இரு, எந்த எலிமெண்டரின்னு பாக்கறேன்" என்றார் அப்பா, போனிலிருந்து தலை நிமிராமல். "ஸ்கூல் நல்லா இருக்குமா?" என்று தரகரைக் கேட்டதற்கு, "நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க" என்று சிரித்தார். பள்ளியை நல்லது, கெட்டது என்று சொன்னால் 1968-ஆம் ஆண்டின் வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். தரகர் வாயே திறக்காத பொருத்தம் உலகத்தில் இது ஒன்றுதான்.

சீர் விஷயம். டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது; வீட்டு வரிச் சீட்டில் பெரும் பங்கு பள்ளி மாவட்டத்துக்கு. வரதட்சணையாவது ஒரு தடவையோடு போகும். இது வருஷா வருஷம்.

ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு பிளேனோவில்தான் கிடைத்தது. 2024-இல் அந்தப் பள்ளி மாவட்டம், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம். இன்னொன்று, வீட்டு விலை ஏறி, சின்னப் பிள்ளைக்காரர்கள் உள்ளே வர முடியவில்லை. பிராஸ்பர், செலினா என்று இன்னும் வடக்கே போய்விட்டார்கள். நல்ல பள்ளி என்பதால் விலை ஏறியது, விலை ஏறியதால் பிள்ளை வரவில்லை. பெண்ணுக்கு ஜாதகம் அவ்வளவு ஒசத்தி, வரன் வாசல் ஏறவே பயப்படுகிறது.

மேற்படி தம்பதி வடக்கேதான் வாங்கினார்கள், பத்துக்குப் பத்து. அங்கே வளர்கிற வேகத்துக்குப் புதுப் பள்ளி கட்டி, எல்லைக்கோட்டை அடிக்கடி மாற்றிப் போடுகிறார்கள். அடுத்த வருஷமே அவர்கள் தெரு ஏழு எண் பள்ளிக்குப் போய்விட்டது. ஏழு என்றால் மத்திமம். பரிகாரமாகப் பையனைக் குமான் டியூஷனில் சேர்த்திருக்கிறார்கள்.