நீராவி எஞ்சின் வரம் கேட்போர்

மாதிரி ரயில் பிரியர்களின் விருப்பப் பட்டியல் என்பது, கம்பெனிக்காரர்கள் இன்னும் செய்யாத எஞ்சின்களின் பெயர்களை வரிசையாக எழுதி, செய்தால் வாங்குவதாக வாக்குக் கொடுக்கும் ஆவணம். விலை தெரியாதவரை இந்த வாக்கு கல்லில் செதுக்கியதாக இருக்கும். விலை அறிவித்த மறுநாள் அது பரிசீலனைக்குப் போய்விடும்.

பிரிட்டனில் இதை வாக்கெடுப்பாகவே நடத்தியிருக்கிறார்கள். 1923-இல் பிறந்த ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனையும், 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை படைத்த மல்லார்டையும் ஹார்ன்பி கம்பெனி திரும்பத் திரும்ப வார்த்து விற்றுவிட்டது. ஆனாலும் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்பவரைப்போல, அதே எஞ்சின் வேறு நம்பரில், வேறு புகைபோக்கியுடன் வேண்டும் என்று கேட்பவர்கள் குறைந்தபாடில்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து வந்த பிரியரின் நிலை வேறு. அவர் இன்னும் முதல் சோற்றுக்கே காத்திருக்கிறார்.

இம்மாநிலத்தில் ரயில் பழையது. சுங்கை ஊஜோங் ரயில்வே, சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891-இல் பாதை திறந்தது. கிம்மாஸிலிருந்து பகாவுக்கு 1910-இல் வண்டி ஓடியது. ரப்பர் தோட்டங்களும் கம்பிச் சடக்கும் சேர்ந்தே வளர்ந்தன. பாதையில் கல் கொட்டியவர்களும் கட்டை மாற்றியவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் பல ஊர்களில் யாழ்ப்பாணத்தார். ஆகவே லயத்தில் வளர்ந்தவருக்கு எஞ்சின் ஆசை வந்ததில் வியப்பில்லை. அது வீட்டுக்குப் பின்னாலேயே ஓடியது.

அவருடைய பட்டியலில் முதலிடம் மலாயா ரயில்வேயின் 56-ஆம் வகை நீராவி எஞ்சினுக்கு. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி, மல்லார்ட் சாதனை படைத்த அதே 1938 முதல் இதைச் செய்து அனுப்பியது. போர் முடிந்ததும் இன்னொரு தொகுதி வந்தது. முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. நீராவியை உள்ளே விட்டு வெளியே எடுக்க, சுழலும் கேம் தண்டால் இயங்கும் பாப்பெட் வால்வுகள். எஞ்சின்களுக்கு ஊர்ப் பெயர்களும் உண்டு. ‘தெமர்லோ’ என்ற பெயர் தாங்கிய 564.36, மற்றவை ஓய்ந்த பிறகும் சிறப்புப் பயணங்களுக்கு ஓடிப் பெயர் வாங்கியது. 1957-இல் சுதந்திரமும் வந்தது, பூக்களின் பெயர் சூட்டிய டீசல் எஞ்சின்களும் வந்தன. அத்தோடு நீராவிக்கு இறங்குமுகம்.

56-ஆம் வகை எஞ்சின் ஹார்ன்பி, பாக்மன் போன்ற பெரிய கம்பெனிகளின் அட்டவணையில் இல்லை. காரணம் பகையில்லை, கணக்கு. எஃகு அச்சு வெட்டும் செலவு மிகப் பெரியது; ஆயிரக்கணக்கில் விற்றால்தான் முதல் தேறும். பட்டியல் எழுதுபவர்களோ ஒரு கோப்பிக் கடை மேசைக்குள் அடங்குவார்கள். தமிழ்நாட்டுப் பிரியரும் இதே வரிசையில்தான் நிற்கிறார். 871 எஞ்சின்கள் செய்யப்பட்ட, இந்திய மீட்டர் பாதையின் ஒய்பி வகைக்கே இந்தக் கதி என்றால், 56-ஆம் வகையின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய ஒருவர் முன்வந்தாலும் எந்த அளவில் செய்வது என்ற சிக்கல் உண்டு. உலகில் அதிகம் விற்கும் எச்ஓ அளவு 1:87. அதன் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கானது. மலாயாப் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கும். அதை ஜெர்மனியின் பெமோ கம்பெனி சுவிட்சர்லாந்து மலை ரயிலுக்காக விற்கிறது. ஆல்ப்ஸ் பனிக்குப் பிறந்த தண்டவாளம் ரெம்பாவ் வெயிலுக்கு வந்து சேர, அஞ்சல் செலவே பாதி சம்பளத்தைத் தின்றுவிடும்.

அளவு முடிவானால் நிறத் தகராறு தொடங்கும். ஒருவர் எஞ்சின் கறுப்பு என்பார். அடுத்தவர் பச்சை என்பார். இருவரும் ஆறு வயதில் பார்த்தவர்கள். பெயர்ப் பலகைக்கு அவரவர் தம் ஊரையே முன்மொழிவார். நிலக்கரி எரித்த காலமா, எண்ணெய்க்கு மாறிய காலமா என்ற கேள்வி எழும்போது, வழக்கமாகத் தே தாரேக்குக் காசு கொடுத்து எழுந்துவிடுவார்கள்.

மீட்டர் பாதையிலும் ஓடிய எஞ்சின்களில் கடையில் எளிதாகக் கிடைப்பது ஒன்று உண்டு: ஜப்பானின் சி56. காட்டோ கம்பெனி அதை 1:150 அளவில் அழகாகச் செய்கிறது. அசல் எஞ்சின்களில் 90, போரின்போது மீட்டர் பாதைக்கு மாற்றப்பட்டுத் தென்கிழக்காசியாவுக்கு வந்தன. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் அவை ஓடின. அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், ஏராளமானோர் திரும்பவில்லை. தம்பின்–மலாக்கா கிளைப் பாதையின் தண்டவாளத்தையும் ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தாத்தாவின் பெயரைச் சொல்லிப் படையல் போடும் வீடுகளில் அந்தப் பெட்டியை வாங்கிவர எவரும் துணிவதில்லை. பட்டியலில் அது எழுதாமலே விடப்படும் வரி.

எஞ்சினுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தோட்டத்தையாவது செய்துவைக்கலாம் என்று சிலர் இறங்குவதுண்டு. 1:87 அளவில் ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர். ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்கு 500 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். துரை பங்களாவே அவ்வளவு பெரிதில்லை. எனவே ஓர் ஏக்கரோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அதிலும் ஏறத்தாழ நூறு ரப்பர் மரங்களை நூல் பிடித்ததுபோல நட வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் சாய்வான வெட்டு. வெட்டின் அடியில் பால் மங்கு. பத்து சென்டிமீட்டர் மங்கு இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஊசிமுனையால் பசை தொட்டு, மூச்சைப் பிடித்து ஒட்டும்போது காற்றாடி சுழன்றால் அன்றைய பால்வெட்டு நின்றுவிடும். நாற்பதாவது மரத்தில் பலர் செம்பனைக்கு மாறுகிறார்கள். ஏக்கருக்கு 55 முதல் 60 கன்று போதும், மங்கும் கிடையாது. நாடு எடுத்த முடிவும் இதுதான் என்பதால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இறுதியில் பிரியர் தாமே பட்டறை போடுகிறார். கொதிகலனுக்கு மின்கம்பி இழுக்கும் பிவிசி குழாய், ஓட்டுநர் அறைக்கு மைலோ டின் தகரம், சக்கரத்துக்கு ஏதோ ஒரு சுவிஸ் எஞ்சினின் அடிப்பாகம். இப்போது முப்பரிமாண அச்சுப் பொறியும் வந்துவிட்டது. கணினியில் ஒருமுறை வரைந்துவிட்டால், பத்துப் பேர் கேட்டால் பத்து எஞ்சின் எடுக்கலாம்; எஃகு அச்சு தேவையில்லை. பட்டியலின் முதல் வரி நிறைவேற இதைவிட நல்ல வழி கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனால் வரைவதற்குப் படம் வேண்டும். அக்காலத்தில் படம் எடுத்தவர்கள் எஞ்சின் முகத்தை எடுத்தார்கள். அதன் முன்னால் மாமா, சித்தப்பா, பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்தி எடுத்தார்கள். பின்னால் இழுத்துவரும் தண்ணீர்த் தொட்டி வண்டியின் பின்புறத்தை யார் எடுத்தார்? வாசகர் வீட்டு ஆல்பத்தில் அப்படி ஒரு படம் இருந்தால், கறையான் பார்ப்பதற்குள் ஸ்கேன் செய்து வைக்கவும். மாமா மறைக்காத படமாக இருந்தால் இன்னும் நல்லது.