கப்பல் நிற்கும், காசு ஓடும்

கே: சொகுசுக் கப்பலில் கரீபியன் போகிறோம். பார்படோஸில் ஒரு பகல் நிற்குமாம். கப்பல்காரர்கள் சொல்லும் சுற்றுலாக் கட்டணத்தைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. சிக்கனமாக என்ன செய்யலாம்?

ப: கடல் சுற்றும் முன் தலை சுற்றலாமா? பிரிட்ஜ்டவுன் துறைமுகத்திலிருந்து கார்லைல் பே கடற்கரைக்குப் பொடிநடையாகவே போய்விடலாம். அந்நாட்டில் கடற்கரை எல்லாமே பொதுச்சொத்து. காசு கேட்பது சாய்வு நாற்காலிக்குத்தான். துண்டை விரித்துப் படுங்கள். பசித்தால், உப்பு ரொட்டிக்குள் இரண்டு மீன் வடை வைத்துத் தருவார்கள். மேலே ஊற்றும் மஞ்சள் மிளகாய்ச் சாஸ், ஆந்திராக்காரரையே தண்ணீர் கேட்க வைக்கும். ஊர் சுற்ற 'இசட்ஆர்' வேன் உண்டு: வெள்ளை உடம்பு, அரக்குப் பட்டை, காதைப் பிளக்கும் பாட்டு. கட்டணம் 3.50 பார்படோஸ் டாலர். அமெரிக்கக் காசில் 1.75. திரும்பும் நேரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த தீவுக்கு விமான டிக்கெட் உங்கள் செலவு!