எதுல நூத்துக்கு?

மூணாறு பஸ் ஸ்டாண்ட். எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளையும், இன்னும் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மாவும் உடுமலை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். பஸ் வருகிற மாதிரி தெரியவில்லை. பேச்சு 2015இல் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்துக்குப் போய்விட்டது.

கணக்குப்பிள்ளை: பெம்பிளை ஒருமைன்னு பேரு வச்சு ஒன்பது நாள் ரோட்டுல உக்காந்தீங்களேம்மா, அப்படி என்ன குறைஞ்சு போச்சு? முந்தின வருஷம் போனஸ் 19 சதவீதம். அந்த வருஷம் 10. குறைஞ்சது வெறும் ஒன்பது. ஒன்பதுக்காக ஊரையே மறிக்கலாமா?

அம்மா: ஒன்பதா? வருஷச் சம்பளம் 50,000னு வச்சுக்கோங்கய்யா. 19 சதவீதம்னா 9,500 ரூபா. 10 சதவீதம்னா 5,000. 4,500 காணோம். 9,500ல 4,500 போனா எத்தனை சதவீதம்?

கணக்குப்பிள்ளை: (விரலை மடக்கிப் பார்த்து) 47 வருது.

அம்மா: உங்க நோட்டுல ஒன்பது, எங்க மடியில 47. பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போனா ஜவுளிக்கடைக்காரர் எந்த நோட்டைப் பார்ப்பாரு?

கணக்குப்பிள்ளை: அப்போ சட்டம்னு ஒண்ணு இருந்துச்சும்மா. 1965 போனஸ் சட்டம். குறைஞ்சது 8.33, கூடினது 20. பத்துங்கறது சட்டத்துக்கு மேலயே தந்தது!

அம்மா: அந்த 8.33 எங்கருந்து வந்துச்சு? நூறைப் பன்னெண்டால வகுத்தா வருது. வருஷம் பூரா உழைச்சா ஒரு மாசச் சம்பளம், அவ்வளவுதான். ஒரு மாசம்னு சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். புள்ளி வச்சு மூணு மூணாப் போட்டா நாங்க பயந்துருவோம்னு நினைச்சீங்களா?

கணக்குப்பிள்ளை: சரி, கடைசியில 20 கிடைச்சுதா இல்லையா? செப்டம்பர் 13ஆம் தேதி, முதலமைச்சர் உம்மன் சாண்டியே நடுவுல வந்து முடிச்சு வச்சாரு.

அம்மா: கிடைச்சுது. போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67. கூட்டினா 20. எனக்கு ஒரு சந்தேகம்யா. உழைச்சதுக்கு 8.33, கருணைக்கு 11.67ன்னா, எங்க உழைப்பை விட உங்க கருணை பெருசாவுல்ல இருக்கு? இவ்வளவு கருணையை வச்சுக்கிட்டு ஒன்பது நாள் ஏன் அடக்கிட்டே இருந்தீங்க?

கணக்குப்பிள்ளை: கம்பெனிக்குத் தேயிலை விலை விழுந்துபோச்சும்மா. அதுவும் யார் கம்பெனி? 2005ல டாடா டீ தோட்டத்தை விட்டப்போ, கண்ணன் தேவன் கம்பெனியில தொழிலாளிங்களுக்கே பங்கு கொடுத்தாங்க. நீங்களும் முதலாளிதான்!

அம்மா: நட்டம்னு வந்தா நான் முதலாளி. போனஸ்னு வந்தா நான் தொழிலாளி. இது எத்தனை சதவீதத்துல மாறும்னு ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை: சரி, கூலிக்கு வருவோம். 232 ரூபா நாள்கூலியை 500 ஆக்கச் சொன்னீங்க. 115 சதவீதம் உயர்வு! கேட்டவங்க தலை சுத்திப்போனாங்க. அப்படியும் அக்டோபர்ல 301 ஆச்சு. ஒரே தடவையில 30 சதவீதம். எந்த ஊர்ல தருவான்?

அம்மா: கேட்ட கூடுதல் 268. கிடைச்ச கூடுதல் 69. கேட்டதுல கால்வாசி. இது என் சதவீதம்.

கணக்குப்பிள்ளை: கேட்டதை வச்சுக் கணக்குப் போடக் கூடாது, வாங்கிட்டு இருந்ததை வச்சுப் போடணும். அதுதான் முறை. 30 சதவீதம் 30 சதவீதம்தான்.

அம்மா: முறைப்படியே வாங்க. 232 ரூபாய்க்கு எத்தனை கிலோ கொழுந்து?

கணக்குப்பிள்ளை: 21 கிலோ.

அம்மா: 301 ரூபாய்க்கு?

கணக்குப்பிள்ளை: (தொண்டையைச் செருமி) 25 கிலோன்னு ஒப்பந்தத்துல...

அம்மா: வகுங்கய்யா. 232ஐ 21ஆல.

கணக்குப்பிள்ளை: கிலோவுக்கு 11 ரூபா 5 பைசா.

அம்மா: 301ஐ 25ஆல?

கணக்குப்பிள்ளை: 12 ரூபா 4 பைசா.

அம்மா: கிலோவுக்கு ஒரு ரூபா கூட முழுசா ஏறல. எத்தனை சதவீதம்?

கணக்குப்பிள்ளை: ...ஒன்பது.

அம்மா: பேப்பர்ல 30, தராசுல ஒன்பது. ரெண்டும் பொய் இல்ல. ஒரு நாளைக்குன்னு பார்த்தா 30, கிலோவுக்குன்னு பார்த்தா ஒன்பது. ஆனா கொட்டை எழுத்துல போட நீங்க எடுத்தது 30. போனஸ் குறைஞ்சப்போ நீங்க எடுத்தது ஒன்பது. குறைக்கும்போது சின்ன நம்பரு, கொடுக்கும்போது பெரிய நம்பரு. எதுல நூத்துக்குன்னு மட்டும் வாய் திறக்க மாட்டீங்க.

கணக்குப்பிள்ளை: இவ்வளவு கணக்கு எங்கம்மா படிச்சே?

அம்மா: எடை போடுற இடத்துல. நீங்க நோட்டுல எழுதுறதை எட்டிப் பார்த்துப் பார்த்துத்தான்.

கணக்குப்பிள்ளை: அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு யூனியன்காரங்களை விட்டுட்டு உன்னையே அனுப்பணும் போல.

அம்மா: போகலாம்யா. ஆனா ஒரு நாள் வேலைக்கு வரலைன்னா அன்னைக்குக் கூலியில எத்தனை சதவீதம் வெட்டுவீங்க?

கணக்குப்பிள்ளை: நூறு.

அம்மா: பார்த்தீங்களா! இதுக்கு மட்டும் பேப்பரும் வேணாம், பென்சிலும் வேணாம்.