ஆர்க்கிடெக்ட் ஜி

எல்லா ஐ.டி. ஆபீசிலும் ஒருத்தர் இருப்பார். லேப்டாப் மூடி தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர், ஏதோ ஒரு கான்ஃபரன்ஸில் சும்மா கொடுத்த டீ-ஷர்ட், வெள்ளைப் பலகையைக் கண்டதும் மார்க்கர் தேடும் கை. பதவி ஆர்க்கிடெக்ட். கூப்பிடுவது ‘ஜி’.

ஜியிடம் எந்தக் கோளாறைச் சொன்னாலும் மருந்து ஒன்றுதான்: சர்வரில் ஓடும் மொழியை மாத்து! 2013இல் பேபால் ஜாவாவை விட்டு நோட்.ஜேஎஸ்ஸுக்குப் போனதிலிருந்து அவரும் நோட் பக்தர். அது சலித்ததும் கோ. அந்த மொழியைப் படைத்தவர்களில் இருவரான கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் நியூ ஜெர்சியில் ஒரு ஓட்டலில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளிலேயே, எல்லா மொழி எழுத்தையும் கம்ப்யூட்டரில் பதியும் யூடிஎஃப்-8 முறையை எழுதி முடித்த கதையைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

ஒருநாள் ஈரோட்டு ஜவுளி வியாபாரி போன் செய்தார். “ஏனுங்க தம்பி, பில்லுல எங்க கடைப் பேரு பூரா கேள்விக்குறியா வருதுங்க!”

“சார், உங்களுது பழைய பிஎச்பி. கோவுக்கு மாத்திட்டா ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்குல பில் போடலாம். ஆறு மாசம் ஆகும்.”

“நொடிக்கு ஆயிரம் பில்லுக்குத் துணி வேணுமேங்க. அதுவரைக்கும் பேருக்கு என்ன பண்றது?”

“இங்கிலீஷ்ல போட்டுக்கோங்க.”

ஜி பலகையில் கட்டம் போட ஆரம்பித்தார். பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் கோடைத் திறந்து பார்த்தாள். டேட்டாபேஸ் கனெக்ஷனில் கேரக்டர் செட் லத்தீன்-1 என்று கிடந்தது. அதில் தமிழுக்கு ஏது இடம்? ஒரே வரியில் யூடிஎஃப்-8 ஆக்கினாள். கடைப் பெயர் தமிழில் வந்துவிட்டது.

“டெம்பரரி ஃபிக்ஸ்” என்றார் ஜி. விட்டாரா? செக்யூரிட்டிக்கு என்று, அண்ட் மாதிரியான குறிகளை மாற்றி எழுதும் என்கோடிங் ஃபங்ஷன் ஒன்றைத் தானே எழுதிச் சேர்த்தார். டெம்ப்ளேட் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. மறுநாள் மறுபடி போன்.

“தம்பி, பேரு வந்துருச்சுங்க. ஆனா சன்ஸுக்கு முன்னால இருக்கற அண்ட் குறியில ஏ, எம், பின்னு மூணு எழுத்து ஒட்டிக்கிட்டு நிக்குது. அது யாருங்க புதுப் பங்காளி?”

மொழியைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. பைத்தான் மொழியின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க் 2008 முதலும் ரூபி மொழியின் ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க் 2010 முதலும், வெளியே போகும் எழுத்தில் இந்தக் குறிகளைத் தாமாகவே என்கோட் செய்கின்றன. வெறும் பிஎச்பியில் அதை நாம்தான் மறக்காமல் எழுத வேண்டும். மறந்தால், விலாசக் கட்டத்தில் எவனோ அடித்த ஸ்கிரிப்ட் முதலாளியின் பிரவுசரில் ஓடும். இதையெல்லாம் ஜி ஒருநாளும் சொன்னதில்லை. வேகம், வேகம், வேகம்.

கடைக்கு வெப்சைட் போடப் போகிறீர்களா? எந்த மொழி என்று கேட்காதீர்கள். கடைப் பெயரைத் தமிழில் அடித்து, நடுவில் ஒரு அண்ட் குறியும் போட்டு, ஒரு பில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அட்வான்ஸ் அப்புறம் கொடுக்கலாம்.